சாப்பிடாத பூனைக்கு இன்சுலினை நிறுத்தினால் என்ன ஆகும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கருத்தடை செய்த ஆண் நாட்டுப்பூனை, வயது 11. நான்கு மாதங்களுக்கு முன் சர்க்கரை நோய் உறுதியானபோது எடை 6.1 கிலோ. அன்றிலிருந்து காலையும் இரவும் நீண்டநேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின் 2 யூனிட். காலையில் மீன் பிசைந்த சோறு, மற்ற நேரமெல்லாம் கிண்ணத்தில் உலர் தீனி. மருத்துவமனைக்குக் கொண்டுவந்த அன்று எடை 5.2 கிலோ. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இரண்டு முறை வாந்தி எடுத்தது என்பது வீட்டார் சொன்ன புகார்.

இது ஒரே பூனையின் கோப்பு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்படி வரும் பூனைகளில் திரும்பத் திரும்பத் தெரியும் போக்கை ஒரு பூனையில் வைத்துக் காட்டுகிறோம். எண்கள் அனைத்தும் நடைமுறையில் வரும் வரம்புக்குள் அமைத்தவை. மருந்தளவுகள் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்த வேண்டியவை.

வீட்டில் நடந்தது

முதல் நாள் பாதித் தீனி மிச்சம். இரண்டாம் நாள் பூனை கிண்ணத்தருகே வந்தது, குனிந்து முகர்ந்தது, உதட்டை நக்கி எச்சிலை விழுங்கியது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. இந்த ஒரு காட்சியிலேயே பாதி நோயறிதல் இருக்கிறது. பசியே இல்லாத பூனை கிண்ணத்துக்கு வராது. வாயில் வலி உள்ள பூனை உணவைக் கவ்வும், தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மெல்லப் பார்க்கும், கீழே போட்டுவிடும். வந்து முகர்ந்து, உதட்டை நக்கித் திரும்பும் பூனைக்குக் குமட்டல். வாந்தி எடுத்தால்தான் குமட்டல் என்று நினைப்பதால் ஒரு முழு நாள் வீணாகிறது.

வீட்டார் அன்று இரண்டு காரியம் செய்தார்கள், இரண்டும் நல்ல எண்ணத்தில். சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விதி, சாப்பிடாமல் ஊசி போடக்கூடாது என்பது. அதே விதியைப் பூனைக்கும் வைத்து இன்சுலினை முழுவதுமாக நிறுத்தினார்கள். அடுத்தது, ஆசை காட்டுவதற்காகச் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தார்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுக் கொதித்த குழம்பு. பூனை அதில் சிறிது நக்கியது. இரண்டுக்கும் விலை கொடுக்க வேண்டி வந்தது.

மேசையில் கண்டது

தோள்பட்டைத் தோலைத் தூக்கி விட்டால் மெதுவாகத்தான் இறங்கியது. ஈறு பிசுபிசுப்பாக இருந்தது. நீரிழப்பு 8 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. உடல் வெப்பம் 37.4 டிகிரி செல்சியஸ், பூனைக்கு இது குறைவு. நடக்கவிட்டால் பின்னங்கால்களின் குதிகால் தரையில் பட்டது; சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம். வயிற்றை அழுத்தியபோது பூனை எதுவும் காட்டவில்லை. அதனால் வயிற்றில் வலி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. கணைய அழற்சி உள்ள பூனைகளில் பல, வலியைக் காட்டாமல் சுருண்டு படுத்திருக்கும், அவ்வளவுதான்.

ரத்தச் சர்க்கரை 438 மி.கி./டெ.லி. பயந்த பூனைக்கு நோய் இல்லாவிட்டாலும் சர்க்கரை 300ஐத் தாண்டலாம். ஆகவே இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. நிலைமையைச் சொன்னது அடுத்த எண். கொழுப்பு கரையும்போது கல்லீரல் உண்டாக்கும் அமிலப் பொருள்கள் கீட்டோன்கள்; அவற்றில் ஒன்றான பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் ரத்தத்தில் 4.6 மில்லிமோல்/லிட்டர். பூனையில் இது ஏறக்குறைய 2.5ஐத் தாண்டினாலே கீட்டோ அமிலத்தன்மையை, அதாவது கீட்டோன் மிஞ்சி ரத்தம் அமிலமாவதை, சந்தேகிக்க வேண்டும். அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 12 மில்லிமோல்/லிட்டர். பொட்டாசியம் 3.1 மில்லிமோல்/லிட்டர், பாஸ்பரஸ் 2.4 மி.கி./டெ.லி. கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன, மஞ்சள் காமாலை நிறமியான பிலிருபின் 1.1 மி.கி./டெ.லி. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 34 சதவீதம். சிறுநீரில் சர்க்கரையும் கீட்டோனும் இருந்தன; ஊசி வழியே சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுத்து வளர்த்துப் பார்த்ததில் கிருமி வளரவில்லை. ஸ்கேனில் கணையம் வீங்கிக் கருமையாகவும், சுற்றியுள்ள கொழுப்பு வெளுத்தும், கல்லீரல் முழுக்க வெளிறியும் தெரிந்தன. கணைய லைபேஸ் என்னும் நொதிக்குப் பூனைகளுக்கென உள்ள விரைவுச் சோதனையிலும் மாறுபாடு காட்டியது.

ஆக, பசியின்மைக்குப் பின்னால் மூன்று நோய்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. முதலில் வந்தது கணைய அழற்சி. குமட்டலுக்குக் காரணம் அதுதான். சாப்பாடு நின்றதும் இன்சுலினும் நின்றது. இன்சுலின் இல்லாத உடம்பில் கொழுப்புத் திசு கட்டில்லாமல் கரைந்து கல்லீரலுக்குள் கொட்டும். கல்லீரல் ஒரு பங்கைக் கீட்டோனாக்கி ரத்தத்தில் விடும், சமாளிக்க முடியாத மிச்சத்தைத் தன் செல்களிலேயே அடைத்துக்கொள்ளும். முதலாவது கீட்டோ அமிலத்தன்மை, இரண்டாவது கல்லீரல் கொழுப்புப் படிவு. உடல் பருமனான பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே இரண்டாவது வரும். சர்க்கரையும் சேர்ந்த பூனைக்கு வழி இன்னும் குறுகியது. இவை இரண்டுமே குமட்டலைக் கூட்டுவதால் பூனை மேலும் உண்ணாது.

முதல் 24 மணி நேரம்

முதலில் திரவம், பிறகு பொட்டாசியம், அதன் பிறகே இன்சுலின். இந்த வரிசையை மாற்றினால் உயிருக்கு ஆபத்து.

நீர் இழப்பு 5.2 கிலோவில் 8 சதவீதம், அதாவது ஏறக்குறைய 416 மில்லி. அதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 17 மில்லி. அன்றாடத் தேவை மணிக்கு கிலோவுக்கு 2 மில்லி என்று சேர்த்தால் மொத்தம் மணிக்கு 28 மில்லி. பொட்டாசியம் 3.1 என்பதால் ஒரு லிட்டர் சலைனுக்கு 30 மில்லிஈக்விவலன்ட் (mEq; மில்லிலிட்டர் அல்ல) பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டது. பொட்டாசியம் போகும் வேகம் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிஈக்விவலன்ட்டைத் தாண்டக்கூடாது, இங்கே அது 0.16தான். பொட்டாசியத்தைப் பையில் செலுத்திய பிறகு பையைத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் கனமான கரைசல் அடியில் தங்கி, முதல் சில நிமிடங்களிலேயே மொத்தமாக இதயத்துக்குப் போய்விடும்.

மூன்றாம் மணியில் பொட்டாசியம் 3.0 ஆக இறங்கியதால் லிட்டருக்கு 40 ஆகக் கூட்டப்பட்டது. ஆறாம் மணியில் 3.6. சர்க்கரை திரவத்தாலேயே 361க்கு வந்திருந்தது. அப்போதுதான் இன்சுலின் தொடங்கியது. பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருக்கும்போதே இன்சுலினை ஏற்றினால், அது சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். பூனை கழுத்தைத் தூக்க முடியாமல் தாடையை மார்பில் சாய்த்துக்கொள்ளும். மேலும் இறங்கினால் மூச்சுத் தசை தளரும்.

கிலோவுக்கு 1.1 யூனிட் வீதம் 5.7 யூனிட் ரெகுலர் (குறுகியநேரம் வேலை செய்யும்) இன்சுலின் 250 மில்லி சலைனில் கலக்கப்பட்டது. முதல் 50 மில்லியைக் குழாய் வழியே ஓடவிட்டுக் கீழே கொட்டினார்கள். இன்சுலின் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் முதல் சில மணி நேரம் பூனைக்குப் போவது வெறும் சலைன்தான். வேகம் மணிக்கு 10 மில்லி. சர்க்கரை மணிக்கு 50 முதல் 75 வரை இறங்குவது இலக்கு, அதைவிட வேகம் வேண்டாம்.

பதினொன்றாம் மணியில் சர்க்கரை 238. அனுபவம் குறைந்த கை இங்கேதான் இன்சுலினை நிறுத்தும். செய்ய வேண்டியது வேறு. இன்சுலின் வேகத்தை 7 மில்லியாகக் குறைத்து, திரவத்தில் 2.5 சதவீதம் டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தார்கள். கீட்டோனை அணைப்பது இன்சுலின் மட்டுமே. சர்க்கரை இறங்கிவிட்டதென்றால் வெளியிலிருந்து சர்க்கரை கொடுத்தாவது இன்சுலினைத் தொடர வேண்டும். வீட்டில் நடந்த தவறும் இதன் இன்னொரு வடிவம்தான்: உணவு இல்லை என்றதும் இன்சுலினை எடுத்தார்கள், உணவை உள்ளே அனுப்ப வழி தேடியிருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் மணியில் பாஸ்பரஸ் 1.6. இது 1.5க்குக் கீழே போனால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். பொட்டாசியத்தில் ஒரு பகுதியை பொட்டாசியம் பாஸ்பேட்டாக மாற்றி, கிலோவுக்கு மணிக்கு 0.03 மில்லிமோல் பாஸ்பேட் கொடுக்கப்பட்டது. அதில் உள்ள பொட்டாசியத்தையும் கணக்கில் கழிக்க வேண்டும். மறந்தால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும்.

இரண்டாம் நாள் சிவப்பணுக்களின் பங்கு 26 ஆக இறங்கியிருந்தது. நீரிழப்பு சரியானால் எண் சற்று இறங்குவது எதிர்பார்த்ததே. ஆனால் ரத்தப் படலத்தில் சிவப்பணுக்களின் விளிம்பில் குமிழ் குமிழாக ஹெயின்ஸ் அணுத்திரள்கள், அதாவது சிதைந்த ஹீமோகுளோபின் கட்டிகள், தெரிந்தன. கீட்டோனே பூனையின் சிவப்பணுக்களை இப்படிச் சிதைக்கும், வெங்காயமும் பூண்டும் அதையே செய்யும். இந்தப் பூனைக்கு இரண்டும் சேர்ந்தன. சமைத்தாலும் வெங்காயத்தின் நச்சு போகாது, குழம்பின் சாறு மட்டும் போதும் என்பதைப் பூனை வளர்ப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்கு இறங்காமல் 24இல் நின்றது.

குமட்டல், வலி, பிறகு உணவு

குமட்டலுக்கு மரோபிட்டன்ட் கிலோவுக்கு 1 மி.கி. நாளுக்கு ஒரு முறை. அதோடு ஒன்டன்செட்ரான் கிலோவுக்கு 0.5 மி.கி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. வலிக்குப் பியூப்ரினார்பின் கிலோவுக்கு 0.02 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. கணைய அழற்சி உறுதியான பூனைக்கு, அது வலியைக் காட்டாவிட்டாலும் வலி மருந்து கொடுத்தே ஆக வேண்டும். வலி தீர்ந்த பிறகு தானாகக் கிண்ணத்துக்குப் போன பூனைகள் எத்தனையோ.

வாய்க்குள் சிரிஞ்சால் உணவைத் திணிப்பதை இந்தப் பூனைக்குச் செய்யவில்லை, எந்தக் குமட்டல் பூனைக்கும் செய்யக் கூடாது. ஒன்று, உணவு மூச்சுக்குழாயில் இறங்கும். இன்னொன்று, குமட்டலோடு சேர்ந்த அந்தச் சுவையைப் பூனை மறக்காது. குணமான பிறகும் அந்த உணவைத் தொடாது. அதே காரணத்துக்காக, பிற்காலத்தில் நிரந்தரமாகக் கொடுக்க நினைக்கும் உணவை இந்த நாட்களில் கிண்ணத்தில் வைக்கவும் கூடாது.

முதல் நாள் இரவே மூக்கு வழியாக உணவுக்குழாய்க்கு 5 பிரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அலகு) அளவுள்ள மெல்லிய குழாய் போட்டு, இடம் சரியா என்று எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். ஓய்வுநிலைக் கலோரித் தேவை, எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கிய தொகை, 5.2 கிலோவுக்கு ஏறக்குறைய 240 கிலோ கலோரி. முதல் நாள் அதில் கால் பங்கு. மில்லிக்கு 1 கிலோ கலோரி உள்ள பூனைக்கான திரவ உணவு என்றால் 60 மில்லி, பம்பு வழியே மணிக்கு 2.5 மில்லி. இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் முக்கால், நான்காம் நாள் முழு அளவு. பட்டினி கிடந்த உடம்பில் முழு உணவையும் ஒரே நாளில் கொட்டினால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மறுபடி சரியும். அதனால் தயமின் (வைட்டமின் பி1) நாளுக்கு 50 மி.கி.யும் சேர்க்கப்பட்டது. மனிதர்களுக்கான குழாய் உணவுப் பொடிகளைப் பூனைக்குக் கரைப்பது பொருந்தாது. அவற்றில் மாவுச்சத்து அதிகம், பூனைக்குத் தேவையான புரதமும் டாரின் என்னும் அமினோ அமிலமும் போதாது.

கீட்டோன் 24 மணி நேரத்தில் 2.9, 48 மணி நேரத்தில் 1.1, நான்காம் நாள் 0.4. சிறுநீர்ப் பட்டையை மட்டும் நம்பியிருந்தால் இது சரியாகத் தெரிந்திருக்காது. பட்டை காட்டுவது அசிட்டோ அசிட்டேட்டை. சிகிச்சை வேலை செய்யும்போது மற்ற கீட்டோன் இதுவாக மாறுவதால், பூனை தேறிக்கொண்டிருக்கும்போதே பட்டையின் நிறம் அடர்ந்து பயமுறுத்தும்.

நான்காம் நாளும் பூனை தானாக நக்கியது ஒரு தேக்கரண்டி அளவுதான். கல்லீரலில் கொழுப்பு படிந்த பூனைக்கு வாரக்கணக்கில் உணவு உதவி வேண்டியிருக்கும் என்பதால், பொட்டாசியமும் கீட்டோனும் நிலைப்பட்ட அன்றே மயக்க மருந்து கொடுத்து, கழுத்தின் இடப்பக்கம் வழியே உணவுக்குழாய்க்குள் 14 பிரெஞ்ச் அளவுள்ள உணவூட்டும் குழாய் பொருத்தப்பட்டது. வீட்டார் பெரும்பாலும் தயங்கும் இடம் இதுதான். கழுத்தில் குழாயோடு பூனை நடக்கும், தூங்கும், தானாகச் சாப்பிடவும் செய்யும். எங்கள் கணிப்பில் இந்தக் குழாயின் பெரிய பயன் கலோரி மட்டுமல்ல. உணவு உள்ளே போவது உறுதியானால் இன்சுலினும் உறுதியாகிறது. ஊசி போடலாமா வேண்டாமா என்று காலையும் இரவும் தவிக்கும் நிலை அன்றோடு தீர்ந்தது. ஐந்தாம் நாள் கிளார்ஜின் 1 யூனிட், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மீண்டும் தொடங்கியது.

பசியைத் தூண்டும் மருந்து மூன்றாம் நாள்தான் வந்தது. குமட்டல் அடங்காமல் அதைக் கொடுப்பது பூனையை வதைப்பது. மிர்டாசபின் 7.5 மி.கி. மாத்திரையில் கால் பங்கு, கல்லீரல் பாதிப்பு இருந்ததால் இரண்டு நாளுக்கு ஒரு முறை. அளவு கூடினால் பூனை ஓயாமல் கத்தும், நடுங்கும், ஓரிடத்தில் நிற்காது. அதற்கு முறிமருந்து சைப்ரோஹெப்டடின், அதுவும் பசியைத் தூண்டுவதுதான்; ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் ஒன்றை மற்றது வெட்டிவிடும். பசியைத் தூண்டும் இன்னொரு மருந்தான கேப்ரோமோரலின் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் இந்தப் பூனைக்குப் பொருந்தாது. பூனையைச் சுறுசுறுப்பாக்க ஒரு ஸ்டீராய்டு ஊசி போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சர்க்கரைப் பூனைக்கு அது செய்யும் கெடுதல் வாரக்கணக்கில் நீடிக்கும். பசிக்கென்று கொடுக்கும் வாய்வழி டயசிபாம் பூனையின் கல்லீரலையே அழிக்கக்கூடியது.

வீட்டுக்கு அனுப்பியபோது

எட்டாம் நாள் குழாயோடு வீடு திரும்பியது. நாளுக்கு ஐந்து வேளை. முதலில் வேளைக்கு 30 மில்லி, மூன்று நாளில் 50 மில்லி வரை. உணவு உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொடுத்து முடிக்கப் பத்து முதல் பதினைந்து நிமிடம் எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் 5 மில்லி வெதுவெதுப்பான நீர். பின்னால் நீர் விட மறந்தால் உணவு குழாயில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். சோடா நீரைச் சிறிது செலுத்திக் காத்திருந்தால் பெரும்பாலும் கரையும். பூனை உதட்டை நக்கத் தொடங்கினால் அந்த வேளையை அங்கேயே நிறுத்த வேண்டும். துளையைச் சுற்றி நாளுக்கொரு முறை கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். குழாய் வாய்க்கு வந்துவிட்டால் அதில் எதையும் செலுத்தாமல் உடனே கொண்டுவர வேண்டும்.

சிரிஞ்சைப் பற்றி வீட்டாருக்குத் தனியாகவே செய்து காட்ட வேண்டும். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடுவரை இழுத்தால் பூனைக்குள் போவது 2.5 யூனிட். அரை யூனிட் கோடு உள்ள ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வாங்க வேண்டும். அளவு சின்னதாக இருக்கிறதே என்று கிளார்ஜினில் நீர் கலக்கக் கூடாது. அதன் நீண்டநேரச் செயல் கரைசலின் அமிலத்தன்மையைப் பொறுத்தது.

ஊசிக்கு முன் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுத்து அளக்க வேண்டும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்தே பெரும்பாலும் காட்டும். அதையே பயன்படுத்துவதானால் எப்போதும் ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு, அதன் எண்ணுக்கேற்ற வரம்பை மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும்.

குழாய் எடுத்த பிறகு என்ன செய்வது என்பதும் தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டது. பாதிக்கு மேல் சாப்பிட்டால் முழு அளவு. பாதிக்குக் கீழே சாப்பிட்டு, சர்க்கரை 250க்கு மேல் இருந்தால் பாதி அளவு. 150க்கும் 250க்கும் நடுவில் இருந்தால் வேறு உணவு வைத்துப் பார்த்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அளந்துவிட்டு முடிவு. 150க்குக் கீழே என்றால் அந்த வேளை ஊசி இல்லை. இந்த நான்கில் எதுவானாலும், அடுத்த வேளையும் தொடவில்லை என்றால் ரத்தக் கீட்டோன் பார்த்து அன்றே மருத்துவமனை. மறுநாள் பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை.

இன்சுலினுக்குப் பதில் பெக்ஸாகிளிஃப்ளோசின், வெலாகிளிஃப்ளோசின் போன்ற வாய்வழி மருந்தில் உள்ள பூனை என்றால் விதி இன்னும் கடுமை. அந்த மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவதால், கீட்டோன் ஏறும்போதும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும். அந்தப் பூனை சாப்பிட மறுத்தால் சர்க்கரையைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. மருந்தை நிறுத்திவிட்டுக் கீட்டோனைப் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரங்கள்

ஒன்பதாம் நாள் வேகவைத்த கோழியைத் தானாகத் தின்றது, கையளவு. பதினேழாம் நாளிலிருந்து முழு உணவையும் வாயால் எடுத்தது. ஒரு வாரம் குழாயில் நீர் மட்டும் விட்டு, எடை 5.1 கிலோவில் நிலைத்ததை உறுதி செய்த பிறகு இருபத்து நான்காம் நாள் குழாயை உருவினார்கள். துளைக்குத் தையல் போடவில்லை, தானாக மூடியது.

அதன் பிறகே உணவு மாற்றம். சோறும் உலர் தீனியும் படிப்படியாக நின்று, கலோரியில் 10 சதவீதத்துக்குள் மாவுச்சத்து உள்ள ஈர உணவு வந்தது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் உடனே குறையும். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். இந்தப் பூனைக்கும் ஆறாம் வாரத்தில் ஊசி போட்ட ஐந்தாம் மணியில் சர்க்கரை 68. அன்றே 0.5 யூனிட்டாகக் குறைத்தார்கள். பதினோராம் வாரத்தில் ஊசிக்கு முந்தைய எண்ணே 110, 124, 118 என்று தொடர்ந்து வந்ததால் இன்சுலின் நிறுத்தப்பட்டது, இந்த முறை மருத்துவர் சொல்லி. குதிகால் தரையில் படுவது குறைந்து, சன்னல் திட்டுக்குத் தாவ முடிந்தது.

இப்போது வாரம் ஒரு முறை சர்க்கரை, அதே தராசில் எடை. கீட்டோன் பட்டை மாதம் தோறும் காலாவதித் தேதி பார்த்து அலமாரியில் வைக்கப்படுகிறது. கிண்ணத்தில் மிஞ்சும் உணவைக் கிராம் கணக்கில் எழுதும் பழக்கத்தை மட்டும் வீட்டார் விடவில்லை.